பத்து நாள், வயதான அப்பா அம்மா, தென்னாப்பிரிக்கா: எதை விடுவது?

ஹைவெல்ட் வாசி | மே 11, இரவு 9.40

வணக்கம். ஜோகன்னஸ்பர்க்கில் ஆறு வருஷமாக இருக்கிறேன். சொந்த ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். ஜூலையில் அப்பாவும் அம்மாவும் முதல் தடவையாக வருகிறார்கள். அப்பாவுக்கு 71, அம்மாவுக்கு 66. அப்பா 28 வருஷம் அரசு பஸ் ஓட்டியவர். பாபநாசம், காரையாறு ரூட்டெல்லாம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. அம்மாவுக்கு மூட்டு வலி, படி ஏற முடியாது. சுத்த சைவம்.

எனக்கு லீவு பத்து நாள்தான். போட்டு வைத்திருக்கும் திட்டம் இது: க்ரூகர் வனவிலங்குப் பூங்கா 2 நாள், விக்டோரியா அருவி 2 நாள், கேப் டவுன் 3 நாள், நமீபியாவில் சோசஸ்ஃப்ளே மணல்மேடு 3 நாள். மறுபடி எப்போது வருவார்களோ, எல்லாவற்றையும் காட்டிவிட வேண்டும் என்று ஆசை. இது நடக்குமா? விடுவது என்றால் எதை விடுவது?

செம்மண் சாலை | மே 11, இரவு 10.15

நடக்காது.

நான் நமீபியாவில், விண்ட்ஹூக்கில் இருக்கிறேன், அதனால் என் ஊரை நானே வெட்டிவிடுகிறேன். இங்கிருந்து சோசஸ்ஃப்ளே பக்கம் போகவே ஐந்து மணி நேரம், பெரும்பகுதி சரளைச் சாலை. 80-க்கு மேல் போனால் வண்டி வழுக்கும். டயர் காற்றைக் குறைத்து ஓட்ட வேண்டும், ஸ்டெப்னி இரண்டு வேண்டும். நான் ஒரே நாளில் இரண்டையும் மாற்றியிருக்கிறேன். அப்புறம் டெட்ஃப்ளே. செத்து நூற்றுக்கணக்கான வருஷமாகியும் உளுத்துப் போகாமல், வெயிலில் கருகி நிற்கும் முள்மரங்கள். அதைப் பார்க்க வண்டியை விட்டு இறங்கி மணலில் ஒரு கிலோமீட்டர் நடக்க வேண்டும். மூட்டு வலிக்காரரை அந்த மணலில் நடக்க வைத்தால் ஊருக்குப் போய் உங்களைப் பற்றி என்ன சொல்வார் என்று யோசித்துப் பாருங்கள்.

நமீபியா என்றால் ஒன்றே ஒன்று: எட்டோஷா வனவிலங்குப் பூங்காவில் ஒக்காக்குவேயோ முகாம். முகாமை ஒட்டியே நீர்க்குட்டை, இரவெல்லாம் விளக்கு. தாழ்வான சுவருக்கு இந்தப் பக்கம் பெஞ்சில் போர்வையோடு உட்கார்ந்தால் போதும், கறுப்புக் காண்டாமிருகம் தானாக வந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போகும். யாரும் பேச மாட்டார்கள். ஆனால் அதற்குத் தனியாக ஒரு வாரம் வேண்டும். இந்தத் தடவை விடுங்கள்.

ஐந்தும் வேணும் | மே 12, காலை 8.02

சென்னையிலிருந்து எழுதுகிறேன். நான் 2019-ல் போனேன். க்ரூகரை ஒட்டிய தனியார் காட்டில் இரண்டு ராத்திரி, திறந்த ஜீப், தடம் பார்க்கிற ஆள், துப்பாக்கியோடு கைடு. சிங்கம், சிறுத்தை, யானை, எருமை, காண்டாமிருகம், ஐந்தும் முடிந்தது. காசு போனாலும் காரியம் ஆகும். சொந்தக் காரில் போய் மான் மட்டும் பார்த்துவிட்டு வருவதில் என்ன இருக்கிறது?

வால்பாறை இருவாச்சி | மே 12, காலை 11.30

"ஐந்தும் முடிந்தது" என்று ரேஷன் கடையில் டிக் அடிக்கிற மாதிரி சொல்கிறீர்கள் :)

அந்த ஐந்து என்ற கணக்கே வேட்டைக்காரர்கள் போட்டது. காலால் நடந்து சுடப் போனால் திரும்பி வந்து ஆளைக் கொல்லக்கூடிய மிருகங்கள் எவை என்ற பட்டியல் அது. அழகுக்கோ அபூர்வத்துக்கோ அதில் இடமில்லை. ஒட்டகச்சிவிங்கி இல்லை, காட்டுநாய் இல்லை, பறவை ஒன்றுகூட இல்லை.

நான் மூன்று தடவை க்ரூகர் போயிருக்கிறேன், மூன்றும் வாடகைக் காரில். அங்கே நம்மூர்ப் பறவைகளின் ஒன்றுவிட்ட சொந்தங்கள் எல்லாம் இருக்கும். பனங்காடை இருக்கும், ஆனால் நெஞ்சில் ஊதாச்சாயம் பூசியிருக்கும். கொண்டலாத்தி இருக்கும். கறுப்பு வெள்ளை மீன்கொத்தி அச்சு அசல் நம்மூர் இனமேதான். இருவாச்சி மட்டும் குட்டிக் குட்டியாக, மஞ்சள் மூக்கோடு, முகாமில் மேசைக்கடியில் ரொட்டித்துண்டு பொறுக்கும். நம்மூர் இருவாச்சி பார்த்தால் அவமானப்படும். கரிச்சானும் உண்டு. கலஹாரி பக்கம் அது செய்கிற வேலை தெரியுமா? கீரி இனத்து மீர்கட் ஒன்று பூச்சியைத் தோண்டி எடுக்கும் நேரம் பார்த்து, ஆபத்து என்று பொய்க்குரல் கொடுக்கும். மீர்கட் பயந்து ஓடியதும் பூச்சியைத் தூக்கிக்கொண்டு போகும். ஒரே குரலில் ஏமாற்றினால் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று வேறு வேறு பிராணிகளின் குரலை மாற்றி மாற்றிப் போடும்.

இன்னொன்று, சொல்லாமல் இருக்க முடியவில்லை. சிறுத்தை (லெப்பர்ட்) வேறு, சிவிங்கி (சீட்டா) வேறு. நம் பத்திரிகைகள் இரண்டையும் சிறுத்தை என்றே போடுகின்றன. ஒட்டகம் மாதிரி உயரம், சிவிங்கி மாதிரி புள்ளி, அதனால்தான் ஒட்டகச்சிவிங்கி. பெயரிலேயே விடை இருக்கிறது.

ஹபரோனே டீச்சர் | மே 12, மாலை 6.45

தம்பி, நான் போட்ஸ்வானாவில் 19 வருஷமாகக் கணக்கு வாத்தியார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவன். என் ஓட்டு இந்த ஊருக்குத்தான் என்று தெரிந்திருக்கும், இருந்தாலும் கேளுங்கள்.

உங்கள் அம்மாவுக்கு மூட்டு வலி என்றால் சோபே ஆற்றில் படகுப் பயணத்தை மிஞ்ச ஒன்றுமில்லை. கசானேயில் ஏறி மூன்று மணி நேரம். நாற்காலியில் உட்கார்ந்திருப்பதுதான் வேலை. மாலையில் யானைகள் கூட்டமாக ஆற்றைக் கடக்கும், குட்டிகளின் துதிக்கை மட்டும் தண்ணீருக்கு மேல் தெரியும். 2022-ல் ஐந்து நாடுகள் சேர்ந்து எடுத்த கணக்கில் போட்ஸ்வானாவில் மட்டும் 1,30,000-க்கு மேல் யானைகள். நாட்டின் மொத்த ஜனத்தொகையே சுமார் 25 லட்சம்தான். நாட்டா என்ற ஊரிலிருந்து கசானேக்கு 300 கிலோமீட்டர் நேர்ச்சாலை, நடுவில் ஊரென்று பெரிதாக ஒன்றுமில்லை, யானை மட்டும் குறுக்கே போகும். இருட்டின பிறகு அந்தச் சாலையில் வண்டி எடுக்கவே கூடாது. யானையாவது தெரியும். கழுதை தெரியாது. தார் சூடாக இருக்கும் என்று நடுரோட்டில் படுத்திருக்கும்.

வெளியூர்க்காரர்களுக்கு யானை காட்சி. என் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பாட்டிமாருக்கு அது ஒரே ராத்திரியில் சோளக்காட்டை முடித்துவிட்டுப் போகும் ஆள். மிளகாய்த்தூளை யானைச் சாணியோடு பிசைந்து காயவைத்து வேலியோரம் புகை போடுகிறார்கள். ஜெர்மனிக்காரர்கள் வேட்டைக் கோப்பை இறக்குமதியைக் கட்டுப்படுத்தப் பார்த்தபோது, அப்போதைய ஜனாதிபதி மசீசி 2024-ல், "20,000 யானை அனுப்புகிறேன், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்" என்றார். இங்கே அதைக் கேட்டுச் சிரிக்காத ஆள் இல்லை, ஆனால் பாதிச் சிரிப்புத்தான்.

சாப்பாட்டுக்கு அம்மா கஷ்டப்பட மாட்டார். இங்கே பாப் என்பது வெள்ளை மக்காச்சோளக் களி. புளிக்க வைத்துக் கரைத்தால் நம்ம கூழ்தான். மொரோஹோ என்று விற்பார்கள், வாங்கிப் பாருங்கள். தண்டுக்கீரை இனமும் காராமணி இலையும்தான் அது. மொப்பனே மரத்துப் புழுவை மட்டும் தவிர்த்துக்கொள்ளுங்கள். வறுத்து, காயவைத்து, மூட்டை மூட்டையாக விற்கும். எங்கள் ஐந்து புலா நாணயத்திலேயே அதன் படம் உண்டு. புலா என்றால் மழை. மழையைக் காசாக எண்ணுகிற ஊர் இது.

விக்டோரியா அருவி கசானேயிலிருந்து 80 கிலோமீட்டர்தான். ஜூலையில் தண்ணீர் நன்றாக இருக்கும், ஏப்ரல் மே மாதிரி சாரலில் ஒன்றுமே தெரியாமல் போகாது. பாதை சமதளம்.

ஆனால் ஒரு கேள்வி. அப்பா அம்மாவின் விசா ஒருமுறை நுழைவா, பலமுறை நுழைவா?

ஹைவெல்ட் வாசி | மே 12, இரவு 8.10

டீச்சர், இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். ஒருமுறை.

செம்மண் சாலை | மே 12, இரவு 8.14

சரி, முடிந்தது கதை. எல்லை தாண்டினால் திரும்ப உள்ளே வர முடியாது. அருவியும் போச்சு, சோபேயும் போச்சு.

ஹபரோனே டீச்சர் | மே 12, இரவு 8.31

அடடா. சரி, அடுத்த தடவைக்குப் பலமுறை நுழைவு கேட்டு வாங்குங்கள். என் வீட்டில் தங்கலாம். விமானம் அடிஸ் அபாபா, நைரோபி வழியாக என்றால், அங்கே 12 மணி நேரத்துக்கு மேல் இருந்தால் மஞ்சள் காய்ச்சல் ஊசிச் சான்று கேட்பார்கள். அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஹைவெல்ட் வாசி | மே 13, காலை 7.20

விமானம் நேரே துபாய் வழி, பிரச்சினை இல்லை. அப்படியானால் மிஞ்சுவது க்ரூகரும் கேப் டவுனும். கேப் டவுன் ஜூலையில் எப்படி?

செம்மண் சாலை | மே 13, காலை 9.05

மழை, காற்று, குளிர். மேசை மலைக்குப் போகிற கேபிள் காரைக் காற்று அடித்தால் நிறுத்திவிடுவார்கள். நாட்டில் உங்கள் பக்கம் குளிர்காலம் காய்ந்து கிடக்கும், கேப் டவுன் பக்கம் குளிர்காலத்தில்தான் மழை. ஆகஸ்ட் கடைசியில் வந்தால் நமக்வாலாந்தில் பாலைவனம் முழுக்கப் பூ, கரையோரம் திமிங்கலம். ஜூலையில் உங்கள் பெற்றோர் ஓட்டல் ஜன்னலில்தான் உட்கார்ந்திருப்பார்கள். க்ரூகருக்கு நேர்மாறு. புல் காய்ந்து குட்டையாகும், இலை உதிரும், குட்டைகள் வற்றும், எல்லாம் ஆற்றைத் தேடி வரும். கொசுவும் குறைவு. மலேரியா மாத்திரை பற்றி மட்டும் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள், "குளிர்காலம்தானே" என்று விட்டுவிடாதீர்கள்.

வால்பாறை இருவாச்சி | மே 13, மதியம் 1.40

க்ரூகருக்கே ஐந்து ராத்திரி கொடுங்கள். 360 கிலோமீட்டர் நீளமான காடு அது, கிட்டத்தட்ட 20,000 சதுர கிலோமீட்டர். முழுவதையும் சுற்ற நினைத்தால் ஒன்றையும் பார்க்க மாட்டீர்கள். லோயர் சாபி முகாமில் மூன்று ராத்திரி, சட்டாரா முகாமில் இரண்டு ராத்திரி. இன்றைக்கே புக் பண்ணுங்கள். பள்ளி விடுமுறை நேரம், நல்ல அறைகளைக் கிட்டத்தட்ட ஒரு வருஷம் முன்னாலேயே பிடித்துவிடுவார்கள். யாராவது ரத்து செய்கிறார்களா என்று தினமும் பார்த்துக்கொண்டே இருங்கள்.

சொந்தக் கார் போதும். தார்ச்சாலையில் 50, மண்சாலையில் 40, அதற்கு மேல் கூடாது. ஜூலையில் கதவு காலை 6-க்குத் திறந்து மாலை 5.30-க்கு மூடும். ஐந்து நிமிஷம் தாமதமானாலும் அபராதம். குறித்த இடங்களைத் தவிர எங்கேயும் இறங்கக்கூடாது, ஜன்னல் வழியாக உடம்பை வெளியே நீட்டக்கூடாது. முகாமுக்கு முகாம் ஒரு பலகை இருக்கும், எந்த மிருகம் எங்கே தெரிந்தது என்று கலர் கலராகக் காந்தம் ஒட்டியிருக்கும். அதைப் பாருங்கள், ஆனால் அதைத் துரத்தாதீர்கள். நீங்கள் போவதற்குள் சிங்கம் எழுந்து போயிருக்கும், அங்கே உங்களை மாதிரியே இருபது கார் நிற்கும்.

தண்ணீர் பக்கம் வண்டியை நிறுத்தி எஞ்சினை அணைத்துவிட்டு ஒரு மணி நேரம் உட்காருங்கள். மூட்டு வலிக்காரருக்கு இதைவிட வசதியான காடு உலகத்தில் இல்லை. அவர் சீட்டை விட்டு எழவே வேண்டாம்.

ஐந்தும் வேணும் | மே 13, மாலை 4.22

உட்கார்ந்து என்ன பார்க்க? எருமை தண்ணீர் குடிப்பதையா? அதை ஊரிலேயே பார்க்கலாமே.

வால்பாறை இருவாச்சி | மே 13, மாலை 4.50

இந்த எருமை வேறு சார். பக்கத்தில் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள்.

டர்பன் பேத்தி | மே 14, காலை 10.00

வணக்கம். என் தமிழ் மாலை வகுப்பில் கற்ற தமிழ், பிழை இருந்தால் பொறுக்கவும். என் கொள்ளுப்பாட்டனாரின் தந்தை சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பலில் கரும்புத் தோட்ட வேலைக்கு வந்தவர். முதல் கப்பல் ட்ரூரோ, 1860 நவம்பர் 16 அன்று டர்பனை அடைந்தது. எங்கள் குடும்பம் அதற்குப் பின் வந்த கப்பலில்.

உங்கள் தாயார் ஆடி மாதத்தில் வருகிறார். எங்கள் ஊரில் அப்பொழுது மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவோம். நாங்கள் இதை ஆங்கிலத்தில் "பாரிட்ஜ் பிரேயர்", அதாவது கூழ்ப் பூசை, என்றே சொல்லிப் பழகிவிட்டோம். கோயில் வாசலில் பெரிய அண்டாவில் கூழ், உடன் பூசணிக்கறி. தமிழ் பேச வராத பிள்ளைகளும் வரிசையில் நிற்பார்கள். டர்பன் வர இயலாவிட்டால் பரவாயில்லை. ஆனால் காட்டுக்குக் கறிவேப்பிலை எடுத்துச் செல்லுங்கள். ஜோகன்னஸ்பர்க்கில் ஃபோர்ட்ஸ்பர்க்கில் கிடைக்கும். எங்கள் வீட்டில் மரமே உள்ளது.

ஒரு விண்ணப்பம். யாரிடமும் வழி கேட்கும் முன், பொருள் வாங்கும் முன், முதலில் வணக்கம் சொல்லச் சொல்லுங்கள். ஜூலு மொழியில் "சாவுபோனா". "உங்களைக் காண்கிறோம்" என்று பொருள். வணக்கம் சொல்லாமல் நேரே கேள்வி கேட்பது இங்கு மரியாதை அன்று.

ஹைவெல்ட் வாசி | மே 14, இரவு 9.15

அக்கா, உங்கள் தமிழ் என் தமிழைவிட நன்றாக இருக்கிறது. சாவுபோனாவை அப்பாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டேன். "சாவுன்னு ஆரம்பிக்குதே, நல்ல வார்த்தையா?" என்று கேட்கிறார்.

லோயர் சாபியில் இரண்டு ராத்திரி கிடைத்திருக்கிறது, மூன்றாவதற்குக் காத்திருக்கிறேன். போகிற வழியில் கிராஸ்கோப், பிளைட் ஆற்றுப் பள்ளத்தாக்கு, ஒரு ராத்திரி. மற்ற நாள் வீட்டில்.

ஒரு கேள்வி பாக்கி. யானை. அப்பா காரையாறு ரூட்டில் யானை பார்த்துப் பழகியவர், "கன்னத்தில் ஈரம் இருந்தால் மதம், பின்னால் வா" என்பார். அது இங்கேயும் சரிதானா?

வால்பாறை இருவாச்சி | மே 15, காலை 6.30

பாதி சரி. ஆசிய யானையில் அந்தக் கணக்கு ஆண் யானைக்கு ஓடும். ஆப்பிரிக்க யானையில் பெண்ணுக்கும் குட்டிக்கும்கூடக் கன்னச் சுரப்பி வழியும். பயம், சந்தோஷம், பதற்றம் எதற்கும் வழியும். அதனால் ஈரக் கன்னத்தைப் பார்த்ததும் மதம் என்று முடிவு கட்ட வேண்டாம். தனி ஆண் யானை, தலையைத் தூக்கிய நடை, பின்னங்கால் உள்பக்கம் மூத்திரம் சொட்டிச் சொட்டி ஈரம், தூரத்திலேயே வீச்சம், இதெல்லாம் சேர்ந்தால் மதம். யோசிக்காமல் ரிவர்ஸ் எடுங்கள்.

கூட்டத்தில் குட்டி இருந்தால் மதம் இல்லாவிட்டாலும் தள்ளி நில்லுங்கள். குட்டிக்கும் தாய்க்கும் நடுவில் கார் போகவே கூடாது.

ஹைவெல்ட் வாசி | ஜூலை 27, இரவு 10.05

எல்லாருக்கும் வணக்கம். நேற்றுத்தான் அப்பா அம்மாவை விமானம் ஏற்றினேன். கேட்டவர்களுக்காக விவரமாக எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

முதல் நாள் காலை ஐந்தரை மணிக்கு அம்மா என்னை உலுக்கி எழுப்பினார். "பக்கத்து வீட்டில் யாரோ அழறாங்க, என்னன்னு பாரு." ஹடீடா. நம்மூர் அரிவாள் மூக்கன் இனம்தான். கூரை கூரையாக உட்கார்ந்து கத்திக்கொண்டு போகும், இந்த ஊரில் யாரும் அலாரம் வைக்கத் தேவையில்லை. அப்புறம் இறங்கிப் புல்தரையில் மூக்கைக் குத்திக் குத்திப் புழு தேடும். அன்றைக்குப் புல் முழுக்க உறைபனி. அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு கால் வைத்துப் பார்த்தார். "உப்பளம் மாதிரி இருக்கு, ஆனா சுடுது" என்றார்.

அப்பாவுக்கு ஊர் பிடித்த இடம் எதிர்பாராதது. எங்கள் தெரு முனையில் நாலு ரோடு சந்திப்பு, சிக்னல் கிடையாது, நாலு பக்கமும் நிறுத்தக் கோடு. யார் முதலில் வந்து நின்றாரோ அவர் முதலில் போக வேண்டும், அப்புறம் இரண்டாவது, அப்புறம் மூன்றாவது. போலீஸ் இல்லை, ஹாரன் இல்லை. அப்பா ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு போய் அந்த முனையில் அரை மணி நேரம் நின்று பார்த்தார். திரும்பி வந்து, "ஒருத்தன்கூட ஏமாத்தலைடா. மினிபஸ் டாக்சிக்காரன் மட்டும் ஏமாத்துறான்" என்றார். சிக்னல் மின்சாரமில்லாமல் செத்துப் போனால் பெரிய சந்திப்புகளும் இப்படித்தான் ஓடும் என்று சொன்னேன், நம்பவில்லை. இங்கே சிக்னலுக்கு ரோபோ என்று பெயர். பெட்ரோல் போடுகிற பையன் "இரண்டாவது ரோபோவில் இடது" என்று வழி சொன்னதும் அப்பா ஜன்னல் வழியே பொம்மை மனிதனைத் தேடிக்கொண்டே வந்தார்.

கிராஸ்கோப்பில் "கடவுளின் ஜன்னல்" என்று ஓர் இடம். போனோம். முழுக்க மூடுபனி. அம்மா, "ஜன்னலைச் சாத்தியிருக்கார்" என்று சொல்லிவிட்டுக் காருக்குத் திரும்பிவிட்டார். நல்லவேளை, மதியம் தெளிந்துவிட்டது. பிளைட் பள்ளத்தாக்கின் விளிம்பில் நின்றால் எதிரே மூன்று மலைகள், வட்டக் குடிசைக்குக் கூரை போட்ட மாதிரி. பக்கத்தில் தட்டையாக ஒன்று. ஊர்க்காரர்கள் அதைத் தலைவர் என்கிறார்கள், மூன்றும் அவர் மனைவிமார். அப்பா தலைவரைத்தான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது க்ரூகர். முதல் ஒரு மணி நேரம் ஒவ்வொரு இம்பாலா மானுக்கும் வண்டியை நிறுத்தச் சொன்னார்கள். இரண்டாம் நாள் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அப்பா முன் சீட்டில் உட்கார்ந்து இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தார். ஆனால் 40-ல் போவது பற்றி ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. "காட்டு ரோட்டில் இதுதான் வேகம்" என்றார்.

இருவாச்சி அண்ணன் சொன்னபடி லோயர் சாபி பக்கத்தில் இருக்கும் சன்செட் அணையில் போய் நிறுத்தினோம். முகாமிலிருந்து ஒரு கிலோமீட்டர்தான். காலை எட்டு மணி. கரையில் முதலைகள் வெட்டிப் போட்ட அடிமரம் மாதிரி வரிசையாகக் கிடந்தன. தண்ணீரில் நீர்யானைகளின் முதுகு மட்டும், அதில் ஒன்றின் மேல் ஒரு கொக்கு ஏறி நின்று மீன் பார்த்துக்கொண்டிருந்தது. நீர்யானை மெதுவாக நகர, கொக்கு காலை மாற்றி மாற்றி வைத்து அதன் மேலேயே நின்றது. கடைசியில் அது முழுகியது. கொக்கு முட்டிவரை தண்ணீர் வந்தும் பறக்கவில்லை, ஒரு காலைத் தூக்கிக்கொண்டு காத்திருந்தது. மறுபடி முதுகு மேலே வந்தது. அம்மா ஸ்வெட்டர் பின்னுகிற மாதிரி மடியில் கையைக் கோத்துக்கொண்டு இதையே ஒன்றேகால் மணி நேரம் பார்த்தார். நான் "போகலாமா" என்று மூன்று தடவை கேட்டேன். "இந்த வாடகைக்காரன் இறங்குறானான்னு பார்த்துட்டுப் போலாம்" என்றார். பக்கத்துக் காரில் ஒரு வயதான வெள்ளைக்காரத் தம்பதி, பிளாஸ்கில் காபி, அதில் ரஸ்க்கைத் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தார்கள். அம்மா கை நீட்டி முறுக்கு கொடுத்தார். அவர்கள் ரஸ்க் கொடுத்தார்கள். இரண்டு பக்கமும் பல்லுக்கு வேலைதான்.

யானை மூன்றாம் நாள். சட்டாரா போகும் வழியில் ஒரு மண்சாலைக் கிளையில் திரும்பியதும் முப்பது மீட்டரில் கூட்டம் ரோட்டைக் கடந்துகொண்டிருந்தது. அம்மா எண்ண ஆரம்பித்தார். பதினாறு. "எல்லாத்துக்கும் கொம்பு இருக்கே, பெண் யானையே கிடையாதா?" என்றார். இங்கே பெண்ணுக்கும் கொம்பு உண்டு என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே கடைசியில் வந்த பெரியவள் நின்று எங்களைப் பார்த்துத் திரும்பினாள். காது இரண்டும் விரிந்தன. கன்னத்தில் கோடு போட்டது மாதிரி ஈரம். எனக்கு உள்ளங்கை வியர்த்துவிட்டது. அப்பா மட்டும் தாழ்ந்த குரலில், "மதம் இல்லை. பின்னால் ஏதோ இருக்கு, அதான் நிக்கிறா. மெதுவா பின்னால் எடு. ஆக்சிலேட்டர் சத்தம் வரக்கூடாது" என்றார். எடுத்தேன். பத்து மீட்டர் போனதும் எங்கள் இடது பக்கப் புதரிலிருந்து ஒரு குட்டி ஓடி வந்தது. எங்கள் காருக்கும் அவளுக்கும் நடுவில் போய் அவள் வயிற்றுக்கடியில் புகுந்தது. நான் அந்தக் குட்டியைப் பார்க்கவே இல்லை. அப்பாவும் பார்க்கவில்லை என்றுதான் சொல்கிறார். பெரியவள் காதை இறக்கினாள், மண்ணைக் கொஞ்சம் அள்ளித் தன் முதுகில் போட்டுக்கொண்டாள், போய்விட்டாள். அப்பாவின் வலது கால் அப்போதும் பிரேக்கில்தான் இருந்தது.

திருட்டு ஒன்று நடந்தது. முகாமில் வராந்தாவில் அம்மா புளியோதரை கட்டி வைத்துவிட்டு உள்ளே தட்டு எடுக்கப் போனார். வெர்வெட் குரங்கு, சாம்பல் நிறம், கறுப்பு முகம், இரண்டே நொடி. பொட்டலத்தோடு கூரைக்குப் போய் ஒரு கவளம் வாயில் போட்டது. கறிவேப்பிலையை மட்டும் ஒவ்வொன்றாக எடுத்துக் கீழே போட்டது. பேத்தி அக்கா, ஃபோர்ட்ஸ்பர்க்கில் வாங்கிய கறிவேப்பிலைதான் அது. அம்மாவுக்குக் குரங்கின் மேல் கோபமே வரவில்லை, "என் பேரன் பண்றதைத்தான் அதுவும் பண்ணுது" என்றார்.

ஐந்தும் வேணும் | ஜூலை 28, காலை 7.45

எல்லாம் சரி. சிங்கம்? சிறுத்தை?

ஹைவெல்ட் வாசி | ஜூலை 28, காலை 8.30

சிறுத்தை இல்லை. காண்டாமிருகம் இல்லை. சிங்கம் கடைசி நாள், சட்டாரா பக்கம். இருபத்திரண்டு கார்கள், ஒரு பஸ். காய்ந்த புல்லுக்கு நடுவில் ஒரு காது தெரிந்தது. நாற்பது நிமிஷம் கழித்து அந்தக் காது ஒரு தடவை ஆடியது. அப்பா, "திருச்செந்தூர் சஷ்டிக்கு வண்டி விட்ட மாதிரி இருக்கு, கிளம்பு" என்றார்.

எருமை பார்த்தோம் சார். சும்மா நின்று பார்த்தது. கடன் கொடுத்தவன் பார்க்கிற மாதிரி பார்த்தது. ஊர் எருமை இல்லை அது.

ஐந்தும் வேணும் | ஜூலை 28, காலை 8.41

ஹாஹா. சரி, ஒத்துக்கொள்கிறேன். டிசம்பரில் போனால் எப்படி? எனக்கு அப்போதுதான் லீவு.

வால்பாறை இருவாச்சி | ஜூலை 28, மதியம் 12.15

டிசம்பர் என்றால் வேறு காடு. மழை, பச்சை, இடுப்பளவு புல், அதனால் மிருகம் தெரிவது கஷ்டம். வெயில் 40-ஐத் தொடும். ஆனால் இம்பாலா குட்டி போடும் பருவம், தூரதேசத்துப் பறவைகளெல்லாம் வந்திருக்கும், சாணி வண்டு ரோடெங்கும் உருட்டிக்கொண்டு போகும். ராத்திரியில் பால்வீதியை வைத்து நேர்க்கோடு பிடித்து உருட்டும் இனமும் தென்னாப்பிரிக்காவில் உண்டு. மலேரியா விஷயத்தில் ஜூலையைவிட ஜாக்கிரதை. கதவு விடியற்காலை 4.30-க்கே திறக்கும், எழுந்திருப்பீர்களா?

ஐந்தும் வேணும் | ஜூலை 28, மதியம் 12.20

ஹடீடாவை அனுப்பி வையுங்கள்.

ஹபரோனே டீச்சர் | ஜூலை 28, மாலை 5.55

தம்பி, அப்பா சுகமாக ஊர் போய்ச் சேர்ந்தாரா? அந்தக் குட்டி விஷயத்தை என் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொன்னேன். "அவர் பஸ் டிரைவர் இல்லை, மாடு மேய்த்தவராக இருக்கும்" என்கிறார்கள். இங்கே அதுதான் பெரிய பாராட்டு.

ஹைவெல்ட் வாசி | ஜூலை 28, இரவு 9.50

சேர்ந்துவிட்டார் டீச்சர். சின்ன வயசில் மாடும் மேய்த்தவர்தான், சொல்லிவிடுகிறேன்.

இன்றைக்குப் போன் பண்ணினார். காலையில் அம்பைக்குக் காய்கறி வாங்க ஸ்கூட்டரில் போனாராம். நாலு ரோடு சந்திப்பில், எதிரே வந்த ஆட்டோக்காரர் தனக்கு முன்னால் வந்துவிட்டார் என்று வண்டியை நிறுத்தி, நீங்கள் போங்கள் என்று கை காட்டினாராம். ஆட்டோக்காரர் ஏதோ வில்லங்கம் என்று நினைத்து அவரும் நிறுத்திவிட்டார். இரண்டு பேரும் மாறி மாறிக் கை காட்டிக்கொண்டு நிற்க, பின்னால் வந்த மினிபஸ் டிரைவர் தலையை வெளியே நீட்டிச் சொன்னதை இங்கே எழுத முடியாது.